பாலின ஹார்மோன்களும் தன்னுடல் தாக்குநோயும்: சுண்டெலி ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்னுடல் தாக்குநோய் என்றால் என்ன? அதில் ஆண், பெண் என்ற பேச்சு எதற்கு?

கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடம்பின் சொந்தத் திசுவையே தாக்கத் தொடங்கினால் அது தன்னுடல் தாக்குநோய். மருத்துவமனையில் ஆட்டோ இம்யூன் நோய் என்பார்கள். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், முடக்குவாதம், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹாஷிமோட்டோ தைராய்டு நோய், முதல் வகைச் சர்க்கரை நோய் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பலருக்கு அது பூப்படைந்த பிறகு, மாதவிடாய் நிற்பதற்கு முன் தலைகாட்டுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் என்ற கணக்கு. வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஹார்மோன்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அதை நிரூபிக்க ஒரு பாதி ஆட்களுக்கு ஹார்மோனை நிறுத்தி, மறுபாதிக்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். மனிதர்களிடம் அது முடியாது. அதனால்தான் சுண்டெலி.

சுண்டெலியில் மட்டும் எப்படி முடிகிறது?

உடன்பிறந்த எலிகளையே குறைந்தது 20 தலைமுறைக்கு இணைத்து வளர்த்தால், ஒரே இனத்தின் எலிகள் எல்லாம் மரபணுவில் கிட்டத்தட்ட இரட்டையர்போல் ஆகிவிடும். அப்புறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தெரியும் வேறுபாடு பாலினத்தால் வந்ததுதான் என்று துணிந்து சொல்லலாம். சுண்டெலி ஐந்து, ஆறு வாரத்தில் பருவமடைகிறது. சினைச்சுழற்சி நான்கைந்து நாள். கர்ப்பம் சுமார் மூன்று வாரம். மனித வாழ்வில் பல பத்தாண்டுகள் எடுக்கும் கேள்விக்கு ஓரிரு ஆண்டில் பதில் கிடைத்துவிடும்.

சில எலி இனங்களில் இந்த நோய்கள் தாமாகவே வருகின்றன. ஆய்வின் பெரும்பகுதி அவற்றை நம்பித்தான் நடந்தது.

முதலில் எந்த எலியில் இது தெரிய வந்தது?

நியூசிலாந்தின் டுனீடின் நகரில், ஒடாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மரியானே பீல்ஷோவ்ஸ்கி என்பவர் புற்றுநோய் ஆய்வுக்காக எலி இனங்களை வளர்த்துவந்தார். அதில் ஒன்று கறுப்பு நிறம். இன்றும் அதன் பெயர் நியூசிலாந்து பிளாக், சுருக்கமாக என்.இசட்.பி. அந்த எலிகளுக்கு வயது ஏற ஏறச் சோகை வந்தது. தங்கள் சிவப்பணுக்களுக்கு எதிராகத் தாங்களே எதிர்ப்பொருள் உண்டாக்கி, அவற்றை அழித்துக்கொண்டிருந்தன. 1959இல் பீல்ஷோவ்ஸ்கியும் ஹெல்யர், ஹோவி என்ற சகாக்களும் இதை வெளியிட்டார்கள். யாரும் ஊசி போட்டுத் தூண்டாமல், ஒரு விலங்குக்குத் தானாகவே இப்படி ஒரு நோய் வருவது அன்று பெரிய செய்தி.

பிறகு இந்தக் கறுப்பு எலியை நியூசிலாந்து வெள்ளை எலியுடன் கலந்தபோது, பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகளுக்கு மனித லூபஸை அப்படியே நினைவுபடுத்தும் நோய் வந்தது. ரத்தத்தில் டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், அவை சிறுநீரக வடிகட்டிகளில் படிவது, கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. 1963இல் ஹெல்யரும் ஹோவியும் இதை அறிவித்தார்கள்.

இந்தக் கலப்பின எலிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரியது. பெண்களில் பாதி சுமார் 8 மாதத்தில் இறந்துவிடும். ஆண்களில் பாதி இறக்க சுமார் 13 மாதம் ஆகும். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே கூண்டு அறை, ஒரே தீனி. நோய் இரு பாலருக்கும் உண்டு, வேகம்தான் வேறு. ஹார்மோன் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எலி கிடைத்திருக்காது.

ஹார்மோன்தான் காரணம் என்று எப்படிக் காட்டினார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் நார்மன் டாலல், ஜிராயர் ரூபினியன் குழுவினர் 1970களின் பிற்பகுதியில் செய்த சோதனைகள்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம். முறை எளிது. பருவமடைவதற்கு வெகுமுன்பே, இரண்டு வார வயதிலேயே, ஆண் குட்டிகளுக்குக் காயடித்தார்கள். பெண் குட்டிகளுக்குச் சினைப்பையை எடுத்தார்கள். பிறகு சிலவற்றுக்கு ஆண் ஹார்மோனையும் சிலவற்றுக்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனையும் மெதுவாகக் கசியும் சிறு குழாய்களில் அடைத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள்.

காயடித்த ஆண்கள் பெண்களைப் போலவே சீக்கிரம் நோயுற்று இறந்தன. ஆண் ஹார்மோன் பெற்ற பெண்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. ஈஸ்ட்ரோஜன் பெற்றவற்றில் நோய் விரைந்தது. எதிர்ப்பொருளிலும் மாற்றம் தெரிந்தது. டி.என்.ஏ.வுக்கு எதிராக முதலில் உருவாகும் ஐ.ஜி.எம். வகை, சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் ஐ.ஜி.ஜி. வகைக்கு மாறுவது பெண்களில் முன்னதாகவே நடக்கும். காயடித்த ஆண்களிலும் அந்த மாற்றம் முன்னதாக வந்துவிட்டது. 1978இல் முழு முடிவும் அச்சேறியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர்கள் ஹார்மோனைத் தேர்ந்தெடுத்த விதம். உடம்புக்குள் முக்கிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து ஏதாவது நடந்தால், செய்தது எந்த ஹார்மோன் என்ற சந்தேகம் நிற்கும். அதனால் ஈஸ்ட்ரோஜனாக மாற முடியாத டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்தினார்கள். ஒரு நல்ல சோதனையின் அழகு இப்படிப்பட்ட சின்ன முடிவுகளில்தான் இருக்கிறது.

நோய் தொடங்கிய பிறகு கொடுத்தாலும் பலன் உண்டா?

அதே குழு 1979இல் இதையும் சோதித்தது. பிறந்து மாதங்கள் கழிந்த பிறகு ஆண் ஹார்மோன் கொடுக்கத் தொடங்கிய பெண் எலிகளும் கூடுதல் காலம் வாழ்ந்தன. அதாவது, பருவத்துக்கு முன்பே உடம்பின் போக்கை ஹார்மோன் எழுதி முடித்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. பின்னாலும் அதற்குச் செல்வாக்கு உண்டு.

ஈஸ்ட்ரோஜன் நோய் எதிர்ப்பு செல்களுக்கு என்ன செய்கிறது?

எதிர்ப்பொருளைத் தயாரிப்பவை பி செல்கள். எலும்பு மஜ்ஜையில் அவை பிறக்கும்போதே, சொந்த உடம்பைக் குறிவைக்கும் பி செல்களும் கூடவே பிறக்கும். சாதாரணமாக அவை வடிகட்டப்பட்டுச் சாகும். பெட்டி டயமண்ட் குழுவினர் நியூயார்க்கில் செய்த எலிச் சோதனைகளில், ஈஸ்ட்ரோஜன் அளவை உயர்த்தினால் இந்த வடிகட்டல் தளர்கிறது என்று தெரிந்தது. செல் சாவைத் தடுக்கும் பி.சி.எல். 2 என்ற புரதம் பி செல்களில் கூடுகிறது. போயிருக்க வேண்டிய செல்கள் தப்பி, முதிர்ந்து, டி.என்.ஏ.வைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் செயல்பட செல்லுக்குள் ஏற்பிகள் வேண்டும். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு முக்கிய வகை. நியூசிலாந்துக் கலப்பினப் பெண் எலிகளில் ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவை நீக்கியபோது சிறுநீரக நோய் தணிந்தது, ஆயுள் கூடியது. லூபஸ் எலிகளில் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபன் நோயைக் குறைத்ததும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆண் ஹார்மோன் எப்படிக் காப்பாற்றுகிறது?

ஒரு வழி தைமஸ் சுரப்பி. நெஞ்சுக்குள் இதயத்துக்கு மேலே இருக்கும் இது டி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் பயிற்சிக்கூடம். அங்கே ஏர் என்ற ஒரு மரபணு, கணையம், கண், மூளை என்று உடம்பின் பல பாகங்களில் மட்டும் இருக்க வேண்டிய புரதங்களைச் சிறிய அளவில் தைமஸுக்குள்ளேயே உருவாக்கிக் காட்டும். அவற்றைக் கண்டு கொதிக்கும் டி செல் அங்கேயே களையப்படும். ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன், இந்த ஏர் மரபணுவின் வேலையைக் கூட்டுகிறது என்றும் ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது என்றும் 2016இல் இரண்டு வெவ்வேறு குழுக்கள் காட்டின. ஆண்களில் களையெடுப்பு கொஞ்சம் கறாராக நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு வழி மண்ணீரல். பி செல்கள் உயிர்வாழ பாஃப் என்ற புரதம் தேவை. காயடித்த ஆண் எலிகளில் பாஃப் கூடி, மண்ணீரலில் பி செல்களும் பெருகின. ஸ்வீடனின் கோதன்பர்க் குழு 2018இல் இதை வெளியிட்டது. வியப்பு என்னவென்றால், இதில் டெஸ்டோஸ்டிரோன் நேரடியாக பி செல்லைத் தொடுவதில்லை. மண்ணீரலுக்குப் போகும் நரம்புகள் வழியாக வேலை செய்கிறது. ரத்தத்தில் ஓடும் ஒரு ஹார்மோன் நரம்பைக் கொண்டு எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கையை அடக்குவது, இந்த மண்டலங்களைத் தனித்தனிப் பாடமாகப் படித்த நமக்கு ஒரு நல்ல நினைவூட்டல்.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் கெட்டது, டெஸ்டோஸ்டிரோன் நல்லது என்று முடிவுகட்டலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியதே இந்தக் கேள்வியால்தான். இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்த ஒற்றை வரிதான் சுற்றுகிறது. எலிகள் சொல்வது அதுவல்ல.

எம்.ஆர்.எல். எல்.பி.ஆர். என்ற லூபஸ் எலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் ஹான்ஸ் கார்ல்ஸ்டன் குழு 1990களின் தொடக்கத்தில் அதற்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தது. சிறுநீரக நோய் விரைந்தது. ஆனால் அதே எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சியும் ரத்தக்குழாய் அழற்சியும் குறைந்தன. ஒரே எலி, ஒரே ஹார்மோன், ஓர் உறுப்புக்குக் கேடு, இன்னோர் உறுப்புக்கு நன்மை. சிறுநீரகக் கேட்டுக்கு எதிர்ப்பொருள் காரணம். மற்றவற்றுக்கு டி செல் காரணம். ஈஸ்ட்ரோஜன் முதலாவதைத் தூண்டி, இரண்டாவதை அடக்கியது.

மூட்டுவாத எலியிலும் இதே பாடம். டி.பி.ஏ. 1 என்ற இனத்துக்குக் குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்தை ஊசியாகப் போட்டால் மூட்டுகள் வீங்கும். சினைப்பையை எடுத்தால் வீக்கம் கூடும். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் தணியும். கர்ப்பத்தில் அடங்கி, குட்டி போட்ட பிறகு சீறிவரும். முடக்குவாதம் உள்ள பெண்கள் பலர் சொல்லும் அனுபவமும் இதுவே: வயிற்றில் குழந்தை இருக்கும்போது வலி குறைந்து, பேறுகாலத்துக்குப் பிறகு திரும்பி வருவது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு மாதிரியாகப் பயன்படும் இ.ஏ.இ. என்ற எலி நோயில் இது இன்னும் தெளிவு. நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையின் புரதத்தை ஊசி மூலம் செலுத்தி இந்த நோயை உண்டாக்குவார்கள். எஸ்.ஜே.எல். இனத்தில் பெண்களுக்கு நோய் கடுமை. டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் காக்கிறது. இதுவரை பழைய கதைதான். ஆனால் ஈஸ்ட்ரோஜனும் காக்கிறது! குறிப்பாக, கர்ப்பகாலத்தில் மட்டும் பெருகும் எஸ்ட்ரியோல் என்ற வகையை, லாஸ் ஏஞ்சலிஸில் ரோண்டா வோஸ்கூல் குழு இந்த எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் தணிந்தது. லூபஸ் எலியில் கேடு செய்த அதே ஆல்ஃபா ஏற்பி இங்கே பாதுகாப்புக்குத் தேவைப்படுகிறது.

அளவும் முக்கியம். மாதச் சுழற்சியில் வரும் ஈஸ்ட்ரோஜன் அளவு வேறு; கர்ப்பத்தில் எகிறும் அளவு வேறு. குறைந்த அளவில் தூண்டுவது, அதிக அளவில் அடக்குவது என்ற இரட்டை நடத்தை பல சோதனைகளில் வந்திருக்கிறது. ஆகவே ‘ஈஸ்ட்ரோஜன் என்ன செய்யும்’ என்று கேட்டால் பதில் இல்லை. எந்த நோயில், எந்த உறுப்பில், எவ்வளவு, எந்த வயதில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாலூட்டும் ஹார்மோனுக்குப் பங்கு உண்டா?

உண்டு. ப்ரொலாக்டின் கூடினால் நியூசிலாந்துக் கலப்பின எலிகளில் லூபஸ் விரைகிறது. அதைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் மருந்து நோயைத் தள்ளிப்போடுகிறது. ஈஸ்ட்ரோஜனே ப்ரொலாக்டினைக் கூட்டும் என்பதால், ஈஸ்ட்ரோஜன் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு ப்ரொலாக்டினுடையதாக இருக்கலாம்.

சர்க்கரை நோய் எலி என்கிறார்களே, அது என்ன?

ஜப்பானின் ஷியோனோகி நிறுவன ஆய்வுக்கூடத்தில் மகினோ குழு 1980இல் அறிவித்த என்.ஓ.டி. எலி. அதன் டி செல்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும். கூட்டத்துக்குக் கூட்டம் எண் மாறும் என்றாலும், 30 வார வயதுக்குள் பெண்களில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். ஆண்களில் சிறுபான்மைக்கே வரும். ஆணுக்குக் காயடித்தால் நோய் கூடும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மனிதர்களின் முதல் வகைச் சர்க்கரை நோயில் பெண்களுக்கு அதிகம் என்ற சாய்வு கிடையாது. எலியின் பாலின வேறுபாட்டை அப்படியே மனிதருக்கு ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

இந்த எலி இன்னொரு எதிர்பாராத கதவைத் திறந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது ஆண், பெண் வேறுபாடு மறைந்துபோனது! ஆண் ஹார்மோன் இருந்தும், குடலில் பாக்டீரியா இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. டொரான்டோவில் ஜெய்ன் டான்ஸ்கா குழு 2013இல் ஒருபடி மேலே போனது. வளர்ந்த ஆண் எலியின் குடல் பாக்டீரியாவை, பால் மறந்த இளம் பெண் எலிகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தது. சர்க்கரை நோய் குறைந்தது. ஆண்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும் ஃப்ளூடமைடு கொடுத்தால் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. அதே ஆண்டு சிகாகோவில் அலெக்சாண்டர் செர்வோன்ஸ்கி குழு, பருவமடைந்த பிறகு ஆண், பெண் எலிகளின் குடல் பாக்டீரியா பிரிந்து போவதையும், காயடித்த ஆணின் பாக்டீரியா பெண்ணுடையதை நெருங்குவதையும் காட்டியது. ஹார்மோன் பாக்டீரியாவை மாற்றுகிறது. பாக்டீரியா ஹார்மோனை மாற்றுகிறது. இரண்டும் சேர்ந்து நோயைத் தீர்மானிக்கின்றன. ஒரு நேர்கோட்டுக் காரணத்தைத் தேடிப் போனவர்களுக்கு வட்டம் கிடைத்தது.

ஆண் எலிக்கு அதிகமாக வரும் நோய் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் மர்ஃபியும் ராத்ஸும் உருவாக்கிய பி.எக்ஸ்.எஸ்.பி. எலியில் லூபஸ் ஆண்களுக்குத்தான் கொடுமை. ஆண்களில் பாதி ஐந்தாறு மாதத்தில் இறக்கும். பெண்கள் ஓராண்டுக்கு மேல் வாழும். டெஸ்டோஸ்டிரோன்தான் காரணமோ என்று காயடித்துப் பார்த்தார்கள். மாற்றமில்லை. காரணம் ஒய் குரோமோசோமில் இருந்தது.

அது என்ன என்பது 2006இல்தான் தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு தவறுதலாக ஒய் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் டி.எல்.ஆர். 7 என்ற மரபணு. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ஏற்பி அது. இரட்டிப்பானதால் சொந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்தும் அலறியது. 2022இல் கடும் லூபஸ் உள்ள ஒரு சிறுமியிடம் இதே மரபணு மிகையாக இயங்கும் மாற்றம் கண்டறியப்பட்டு, அதை எலிக்குள் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்தது. எலியில் கிடைத்த ஒரு தடயம் மனிதரில் இவ்வளவு நேராகப் பொருந்துவது அபூர்வம்.

ஸ்கர்ஃபி என்ற எலியும் ஆண்களை மட்டுமே கொல்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே. அதிலும் ஹார்மோன் குற்றவாளி அல்ல. அதில் பழுதான ஃபாக்ஸ்பி 3 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆணுக்கு மாற்று இல்லை.

ஹார்மோன் என்று நினைத்து வேறொன்றாக முடிந்த கதை இருக்கிறதா?

அருமையான ஒன்று இருக்கிறது. 1969இல் ஜப்பானின் நகோயாவில் நிஷிசூகாவும் சகாகுராவும் பிறந்து மூன்றே நாளான சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்தார்கள். பெண் எலிகளின் சினைப்பை சிதைந்துபோனது. சினைப்பை வளரத் தேவையான ஹார்மோன் ஏதோ தைமஸிலிருந்து வருகிறது என்ற விளக்கம் அன்று இயல்பாகப் பட்டது. பிறகு பார்த்தால், சினைப்பையைச் சிதைத்தது அந்த எலியின் சொந்த டி செல்கள்! அவற்றை அடக்கும் வேறொரு வகை டி செல், மூன்றாம் நாளே தைமஸை எடுத்ததால் போதிய அளவு உருவாகவில்லை. ஷிமோன் சகாகுச்சி இந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கண்டுபிடித்தார். ஸ்கர்ஃபி எலியின் மரபணுவைக் கண்டுபிடித்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருடனும் அவருக்கு 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஹார்மோனின் வேலையையும் குரோமோசோமின் வேலையையும் எப்படிப் பிரிப்பது?

பெண் எலிக்கு சினைப்பையும் உண்டு, இரண்டு எக்ஸும் உண்டு. எது எதைச் செய்கிறது? இதற்காகவே ஓர் எலியை உருவாக்கினார்கள். ஆணாக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவை ஒய் குரோமோசோமிலிருந்து நீக்கி, பாலினத்தோடு தொடர்பில்லாத மூன்றாம் குரோமோசோமில் வைத்தார்கள். இப்போது நான்கு வகை எலி கிடைக்கும்: விந்தகம் உள்ள எக்ஸ் எக்ஸ், சினைப்பை உள்ள எக்ஸ் எக்ஸ், விந்தகம் உள்ள எக்ஸ் ஒய், சினைப்பை உள்ள எக்ஸ் ஒய். ஹார்மோன் ஒன்றாக இருக்க குரோமோசோம் மட்டும் மாறும் எலிகளை ஒப்பிடலாம்.

வோஸ்கூல், ஆர்தர் ஆர்னால்டு குழுவினர் 2008இல் இப்படி ஒப்பிட்டபோது, இரண்டு எக்ஸ் உள்ள எலிகளுக்கு இ.ஏ.இ.யும், பிரிஸ்டேன் எண்ணெயால் தூண்டிய லூபஸும் கடுமையாக வந்தன. 2024இல் ஸ்டான்ஃபோர்டின் ஹாவர்ட் சாங் குழு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது. பெண்களில் ஓர் எக்ஸை முடக்கும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வை ஆண் எலியில் உண்டாக்கி, பிரிஸ்டேனும் கொடுத்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கு இணையாக நோய் வந்தது. ஹார்மோன் ஆணுடையதுதான், இருந்தும் காக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. உலகம் முழுக்கப் பயன்படுத்தப்பட்ட ஒரு நான்கு வகை எலிக் கூட்டத்தில், எக்ஸின் துண்டு ஒன்று ஒய் மேல் ஒட்டியிருப்பதை 2024இல் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்தது டி.எல்.ஆர். 7தான். பி.எக்ஸ்.எஸ்.பி. எலியில் நடந்த அதே விபத்து. அந்தக் கூட்டத்தை வைத்துச் செய்த எதிர்ப்பாற்றல் ஆய்வுகளை இப்போது மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

எலி ஆய்வைப் பற்றிச் செய்தி படிக்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் எலியின் இனம். எஸ்.ஜே.எல். எலியில் தெரியும் பாலின வேறுபாடு, ஆய்வகங்களில் மிகப் பரவலான கறுப்பு பி 6 எலியில் பெரும்பாலும் தெரியாது. அடுத்து, கொடுத்த அளவு இயல்பான அளவா, கர்ப்பகால அளவா, உடம்பு ஒருபோதும் காணாத அளவா. காயடித்தது பருவத்துக்கு முன்பா, பின்பா.

தீனியையும் பாருங்கள். ஆய்வகத் தீனியில் சோயா பெரும்பாலும் இருக்கும். சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள்கள் உண்டு. ஆண் எலிகளை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டை போடும். தோற்ற எலியின் ஹார்மோன் அளவு வேறாகிவிடும். இதையெல்லாம் எழுதாத ஆய்வுக் கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இதிலிருந்து மனிதருக்கு மருந்து ஏதாவது வந்ததா?

வர முயன்றது. எஸ்ட்ரியோலை வைத்து அமெரிக்காவில் 164 பெண் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வழக்கமான மருந்தோடு எஸ்ட்ரியோலும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நோய் மீண்டும் தாக்குவது குறைந்தது. ஆனால் இன்னும் பெரிய ஆய்வு இல்லாமல் மருந்தாக ஏற்கும் அளவுக்கு அந்த முடிவு வலுவாக இல்லை. லூபஸுக்கு டி.எச்.இ.ஏ. என்ற மென்மையான ஆண்ட்ரோஜனைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பம். எலியில் ஆயுளையே நீட்டிய சிகிச்சை மனிதரில் இப்படிச் சுருங்கிப்போனது எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் எலிக்குக் கொடுத்த அளவு ஆண் ஹார்மோனை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் மீசை முளைக்கும், குரல் உடையும், கல்லீரலும் கொழுப்பும் பாதிக்கும். அந்த விலையை யாரும் கேட்கக் கூடாது.

எனக்கு லூபஸ் இருக்கிறது. எலிக்கு ஈஸ்ட்ரோஜன் கெடுதல் என்றால், கருத்தடை மாத்திரையை நான் தொடவே கூடாதா?

எலியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மனிதர்களிடமே செய்த ஆய்வு இருக்கிறது. நோய் அடங்கியோ கூடாமல் நிலையாகவோ இருந்த 183 லூபஸ் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2005இல் வந்தது. கருத்தடை மாத்திரை எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் கடுமையாக நோய் மீள்வதில் வேறுபாடு இல்லை. வேறோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் எடுத்தவர்களிடம் மட்டும் லேசான, மிதமான மீள்வுகள் சற்று கூடின.

ஆனால் லூபஸ் உள்ள சிலருக்கு ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டி ஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஆபத்து, ரத்தக்கட்டி வரலாம். நோய் தீவிரமாக இருக்கும்போதும், சிறுநீரகம் பாதித்திருக்கும்போதும் கணக்கு வேறு. எனவே மாத்திரை தொடங்குவதற்கு முன் அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று உங்கள் வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடை முறைகள் உண்டு, அவற்றையும் கேளுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் எந்த ஹார்மோன் மருந்தையும் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.